நிற்கும்போது மட்டும் காருக்குள் எண்ணெய் கருகும் நெடி வருகிறது: எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எனது பெட்ரோல் காரில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஏசி துவாரங்கள் வழியாக எண்ணெய் கருகும் நெடி வருகிறது. வண்டி வேகமெடுத்ததும் மறைந்துவிடுகிறது. சைலன்சரில் புகை இல்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுவதும் இல்லை. ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் சிறிது சிறிதாக இறங்குகிறது. பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையம்) தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவ்வளவு பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நான் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதல் பதில்

ரிங் தேய்ந்து ஆயில் எஞ்சினுக்குள் எரிந்தால் அந்தப் புகை சைலன்சர் வழியாகப் பின்னால் போய்விடும். உங்களுக்கோ நெடி பானெட்டின் பக்கமிருந்து வருகிறது. எனவே ஆயில் வெளியே கசிந்து, சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) பட்டுக் கருகுகிறது என்றே நினைக்கிறேன். காருக்குள் காற்றை இழுக்கும் வழி பெரும்பாலான கார்களில் முன்கண்ணாடியின் அடியில்தான் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று அடித்துச் சென்றுவிடும் ஆவி, நிற்கும்போது மேலெழுந்து அவ்வழியே உள்ளே நுழைகிறது. விழும் ஆயில் மேனிஃபோல்டிலேயே எரிந்து தீர்ந்துவிடுவதால் தரையிலும் தடயம் இருப்பதில்லை.

முதலில் டேப்பட் கவர் பேக்கிங்கை, அதாவது எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்ட ரப்பர் இறுகி வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதால், கவரின் விளிம்பில் மெல்லிய கசிவு தொடங்கும். அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால், அப்போது சிந்தியது கருகுவதாகவும் இருக்கலாம். அது சில நாட்களில் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை மாட்டிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து ரிங் தேய்வை ஒதுக்கிவிடக் கூடாது. குறைந்த அளவில் எரியும் ஆயிலின் புகையை, எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மறைத்துவிடக்கூடும்.

கசியும் இடத்தைக் கண்ணால் காணாமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, மின் இணைப்புகளை மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுங்கள். பிறகு சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரம் அதிகமாகத் தெரியும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால், ஆயிலில் கலந்து புற ஊதா விளக்கில் ஒளிரச் செய்யும் சாயம் கிடைக்கிறது.

கண்டுபிடிக்கும் வரை டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். பானெட்டிலிருந்து புகை எழுந்தாலோ நெடி திடீரென்று கடுமையானாலோ உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடான மேனிஃபோல்டில் அதிக ஆயில் விழுந்தால் தீப்பற்றக்கூடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. துடைத்து ஓட்டிப் பார்த்ததில் டேப்பட் கவரின் பின்விளிம்பு மட்டும் மீண்டும் நனைந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே மேனிஃபோல்டின் வெப்பத் தகட்டில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. பேக்கிங்கை மாற்றினால் போதுமா?

மூன்றாம் பதில்

பேக்கிங்கோடு பிசிவி வால்வையும் பாருங்கள், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு (எஞ்சின் காற்றை இழுக்கும் வழி) அனுப்புவது அந்த வால்வு. அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, பலவீனமான எந்த விளிம்பிலும் ஆயிலை வெளியே தள்ளும். புதிய பேக்கிங்கும் விரைவில் கசியத் தொடங்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பாருங்கள். லேசான உறிஞ்சல் இருந்தால் நல்லது. காற்று பலமாக வெளியே தள்ளினால் வால்வையும் அதன் குழாயையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தும் அழுத்தம் குறையாவிட்டால் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா, ரிங் தேய்ந்ததா என்று காட்டும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரிப்பது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

கவரைக் கழற்றும்போதே ஸ்பார்க் பிளக் குழிகளின் சீல்களையும் மாற்றிவிடுங்கள். குழியில் ஆயில் தேங்கினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) வரும். கசிவுக்குப் பயந்து போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் பேக்கிங் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் விரிசல் விடும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்கச் சொல்லுங்கள். சீலன்ட் பசையைச் சுற்றிலும் பூச வேண்டாம். கையேடு குறிப்பிடும் மூலைகளில் மட்டும் போதும். வெப்பத் தகட்டில் ஏற்கெனவே ஊறிய ஆயில் எரிந்து தீரும் வரை வேலை முடிந்த பிறகும் சில நாட்கள் நெடி இருக்கும். கவரின் விளிம்பு உலர்ந்தே இருந்தால் கவலைப்பட வேண்டாம்.