எஞ்சின் ஆயிலில் அடிட்டிவ் ஊற்றி கிளட்ச் பிளேட் மாற்றிய அனுபவம்

என்னுடையது 2011 மாடல் 150 சிசி பைக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற பாகம்) வைத்த வண்டி. தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன், கடலூர்க்காரர்கள் நிறையப் பேரைப் போல பெட்ரோலும் பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டித்தான் போடுவேன். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் எஞ்சினில் டக்டக்கென்று ஒரு சத்தம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், "இதை ஆயிலோடு சேர்த்து ஊத்துங்க சார், சத்தமே இருக்காது" என்று ஒரு அடிட்டிவ் பாட்டிலை, அதாவது ஆயிலில் கலக்கிற மருந்தை, கொடுத்தார்கள். பாட்டிலில் கார் படம்தான் போட்டிருந்தது, அதை நான் கவனிக்கவே இல்லை.

ரெண்டு நாள் சத்தம் உண்மையிலேயே குறைந்தது. மூன்றாம் நாள் காலை தென்பெண்ணைப் பாலத்தில் ஒரு லாரியைத் தாண்டலாம் என்று முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இருந்த வேகத்திலேயே போகிறது. எதிரே பஸ். எப்படியோ லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன், ஆனால் கை நடுக்கம் ரெட்டிச்சாவடி வரைக்கும் நிற்கவில்லை. கன்னியக்கோயில் வருவதற்குள் ஏதோ தீய்ந்த வாசனை வேறு.

அரியாங்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கிளட்ச் கவரைக் கழற்றி, எஞ்சின் சக்தியைக் கியருக்குக் கடத்துகிற பிளேட்டுகளை என் கையிலேயே கொடுத்தார். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருந்தது, ஃபைபர் பிளேட் கண்ணாடி மாதிரி பளபளவென்று. பெரும்பாலான கார்களில் கிளட்ச் ஆயில் படாமல் தனியாக இருக்கும், நம்ம பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் எல்லாம் அந்த ஒரே ஆயிலில்தான் ஊறிக்கிடக்கிறது, வழுக்குவதற்காகவே மாலிப்டினம் மாதிரி எதையாவது கலந்து ஊற்றினால் பிளேட் எப்படிப்பா பிடிக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பது இதற்காகத்தானாம், கிளட்ச் வழுக்காது என்று சோதித்துப் பார்த்த ஆயில் அது. எம்பி என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதில் கிளட்ச் ஆயிலில் ஊறாது. இவ்வளவு வருஷம் வண்டி ஓட்டியும் அந்த எழுத்தை நான் படித்ததே இல்லை.

சரி, அந்தச் சத்தம்? எஞ்சின் வால்வைத் தள்ளுகிற டேப்பட்டில் இடைவெளி கூடியிருந்தது, அவ்வளவுதான். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து பத்து நிமிஷத்தில் சரி பண்ணினார். பிளேட் செட்டும் புது ஆயிலும் சேர்த்து எனக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்ட ஆனது.

பெட்ரோலில் ஊற்றுகிற கிளீனரை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். ஓடுகிற வண்டியில், பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரிலும் வால்விலும் படிகிற கசடை நல்ல கிளீனர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆனால் ரெண்டு மாசம் சும்மா நிறுத்திய பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற சின்னத் துவாரமான பைலட் ஜெட் அடைத்துக்கொண்டால் அதை நம்பாதீர்கள். அடைத்த துவாரத்தில் பெட்ரோலே போகாது, மருந்து மட்டும் எப்படிப் போகும்? கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம், நான் பாண்டி ரெயின்போ நகர். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் என் பைக் சீட் வரைக்கும் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கிக்கரை மிதிக்கக் கை கால் பரபரத்தது, அப்பாதான் தொடவே கூடாது என்று தடுத்தார், இன்றைக்கும் அதை நினைத்து அவருக்கு நன்றி சொல்கிறேன். எஞ்சின் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் கலங்கிய தண்ணீர், அப்புறம் பால் காபி நிறத்தில் ஆயில். விலை குறைந்த ஆயிலை ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்து, இப்படி ரெண்டு தடவை செய்த பிறகுதான் நல்ல ஆயில் ஊற்றினோம்.

டேங்குக்கு, தண்ணீரை எடுக்கிற அடிட்டிவ் ஊற்று என்று நண்பன் சொன்னான். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் பெட்ரோலை வாட்டர் பாட்டிலில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு படலம், நடுவில் கோடு போட்ட மாதிரி. அந்த மருந்தெல்லாம் சொட்டுக் கணக்கில் இருக்கிற ஈரத்துக்குத்தான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும், அதன்பின் மேலே மிஞ்சுவது எத்தனால் போய்த் தரம் குறைந்த பெட்ரோல்தான். முழு டேங்கையும் கொட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லைதான். அண்ணா, ஒரு சந்தேகம்: மைலேஜ் குறைந்திருக்கிறது, அதற்கு ஏதாவது ஊற்றலாமா?

தம்பி, அதற்கு எதையும் ஊற்ற வேண்டாம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரொம்பக் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டர், ப்ளக், டயர் காற்றைப் பார். பழைய வண்டி என்றால் டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூபையும் ஒரு தடவை அழுத்திப் பார், எத்தனால் பட்டுப் பட்டு உப்பியிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ உடனே மாற்றிவிடு. என் வண்டியில் போன மாசம்தான் மாற்றினேன், தொட்டதும் விரலோடு கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.