மலையேற்றினால் ஊசிப் பழக்கம் தீருமா?

கொலுசுப்பட்டறை:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். உடற்பயிற்சிக் கூடத்தில் மெபென்டெர்மின் ஊசிக்குப் பழகிய என் தம்பி மகனுக்குச் சலங்கை பற்றவைக்கும்போதே கை நடுங்கத் தொடங்கியதால், ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்தில் மூன்று மாதம் தங்கவைத்தோம். அங்கே ஒரு நாள்கூட அவன் ஊசியைத் தேடவில்லை. கீழே இறங்கிய அன்று மாலையே, அந்தக் கூடம் இருக்கும் தெருவைக் கடந்தவன், மறுபடி போட்டுக்கொண்டான். நோயென்றால் மலையிலும் அல்லவா வருத்தியிருக்க வேண்டும்? இது வெறும் கொழுப்பு.

மருந்தாளுநர்:
அண்ணா, நீங்கள் சொன்னதுதான் நோயின் அடையாளம். அறுவை அரங்கில் தாழ்ந்த இரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் அந்த மருந்து, வேதியியல் அமைப்பில் மெத்தாம்பெட்டமைன் என்ற போதை ஊக்கப்பொருளுக்கு நெருங்கியது. மூளையில் இன்ப உணர்வோடும் பழக்கத்தோடும் தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளை நரம்பணுவுக்குள் திரும்ப இழுக்க வேண்டிய கடத்திப் புரதத்தையே மெத்தாம்பெட்டமைன் எதிர்த்திசையில் ஓடவைக்கிறது. கொக்கெய்ன் அதை அடைப்பதோடு நின்றுவிடும். அப்படிப் பெருகும் டோபமைன், ஊசியோடு சேர்ந்து வந்த தெருமுனையையும் இரும்பு வாசனையையும் மூளைக்குப் பாடமாக்கிவிடுகிறது. தோட்டத்தில் அந்தப் பாடத்தை நினைவூட்ட எதுவுமில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கியதும் எல்லாமே இருந்தன. போதைப் பழக்கத்தை ஆராயும் அமெரிக்க மருத்துவர் நோரா வோல்கோவின் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மெத்தாம்பெட்டமைனை விட்டு 12 முதல் 17 மாதங்கள் ஆனவர்களிடம்தான் அந்தப் புரதங்கள் ஓரளவு மீண்டிருந்தன.

தோட்டக்காரர்:
அப்படி நெடுநாள் விலகியிருந்து மறுபடி மூளைப் படமெடுக்கப்பட்டவர்கள் ஐந்தே பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் மலையில் சாராயத்தை விட்டவர்கள், கையில் ஒரு வேலையும் வீட்டில் ஒரு பொறுப்பும் வந்தபோதுதான் விட்டார்கள். நோய் என்று பெயர் வைத்தால் பையனுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைக்கும். சரி, மருந்தாவது உண்டா?

மருந்தாளுநர்:
ஐந்து பேர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அபினி வகைப் பழக்கத்துக்குப் பியூப்ரெனார்பின் என்ற சிகிச்சை மருந்து இருப்பதுபோல், இந்த ஊக்கப்பொருள் வகைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. மெத்தாம்பெட்டமைன் பழக்கமுள்ளவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான சோதனையில் நால்ட்ரெக்சோன் ஊசியையும் பூப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 13.6 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினரும் பலன் கண்டார்கள். பெரிய வெற்றியென்று நான் சொல்லமாட்டேன். இதுவரை வலுவாக நிற்பது பரிசுமுறை: சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் கிண்ணத்தில் கைவிட்டுச் சீட்டெடுக்கலாம், தொடர்ந்து சுத்தமாக இருந்தால் சீட்டுகள் கூடும், ஒருமுறை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2011 முதல் இதைக் கடைப்பிடிக்கின்றன.

தோட்டக்காரர்:
ஒழுங்காக இருக்கிற பையனுக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டவனுக்குக் குலுக்கல் பரிசா? பரிசு நின்றால் என்ன ஆகும்?

மருந்தாளுநர்:
நின்றபின் பலன் தேய்வது உண்மைதான். அதனால்தான் மனநல ஆலோசனையும், எந்த இடம் எந்த நேரம் ஆசையைக் கிளப்புகிறது என்று பட்டியலிட்டு விலகும் பயிற்சியும் கூடவே தேவை. நீங்கள் சொன்ன வேலை அதற்குப் பிறகும் அவனைத் தாங்கும்.

கொலுசுப்பட்டறை:
அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானே அழைத்துப் போகிறேன். பட்டறைக்கும் வேறு தெரு வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். பரிசு கொடுப்பதற்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.