பைகார்பனேட் நார்மல், ஆனாலும் கல் திரும்பத் திரும்ப வருகிறது: ஆர்டிஏ-வா (சிறுநீரகக் குழாய்கள் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத நோய்)?

கேள்வி:
பெண், வயது 32. மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல்; பகுப்பாய்வில் கால்சியம் பாஸ்பேட். இரத்தத்தில் பைகார்பனேட் 23, பொட்டாசியம் 3.6. காலைச் சிறுநீரின் பிஹெச் டிப்ஸ்டிக்கில் 6.5. ஆர்டிஏ இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விடாதீங்க. முழுமையடையாத டிஸ்டல் (குழாயின் கடைப்பகுதி) வகை ஆர்டிஏ-வில் பைகார்பனேட் நார்மலாகத்தான் இருக்கும். டிப்ஸ்டிக்கை நம்பாமல் பிஹெச் மீட்டரில் பாருங்கள், அதுவும் பிடித்த கையோடு. திறந்து வைத்தால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறிவிடும். கல்ச்சரும் அவசியம்: புரோட்டியஸ் போன்ற கிருமி யூரியாவை உடைத்தாலும் பிஹெச் ஏறும். டோபிரமேட் சாப்பிடுகிறாரா? அதுவும் பிஹெச்சை ஏற்றும். ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரையை நோயாளிகள் தாமாகச் சொல்வதே இல்லை.

பதில் 2:
24 மணி நேரச் சிறுநீரில் சிட்ரேட் குறைவாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு, சிறுநீரை அமிலமாக்க முடிகிறதா என்று பார்க்க, ஃபுரோசமைடு 40 மி.கி., ஃப்ளூட்ரோகார்டிசோன் 1 மி.கி. சேர்த்துக் கொடுத்து, மணிக்கொரு முறை பிஹெச் பாருங்கள். ஒரு தடவை 5.3-க்குக் கீழே இறங்கினாலே போதும், ஆர்டிஏ இல்லை. இறங்காவிட்டால்தான் உடலில் அமிலம் ஏற்றும் அம்மோனியம் குளோரைடு, கிலோவுக்கு 0.1 கிராம். எடுத்த எடுப்பில் அதைக் கொடுத்தால் வாந்திதான் மிச்சம்.

கேட்டவர்:
பொட்டாசியம் சிட்ரேட் எடுக்கிறாரே?

பதில் 2:
நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். காரம் உள்ளே இருக்கும்போது பிஹெச் எப்படி இறங்கும்? கண்ணும் வாயும் வறள்கிறது என்றால் ஷோகிரென் (சுரப்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்; ஆர்டிஏ-வுக்கு ஒரு காரணம்) ஆன்டிபாடியும் அனுப்புங்கள்.