கைகாட்டி: குறுக்குவழிக்கு ஒரு மாற்றுச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கணினியில் ‘ஷார்ட்கட்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் ‘குறுக்குவழி’ வேர்பிடித்துவிட்ட சொல், அதைப் போய் ஏன் இப்போது தோண்ட வேண்டும் என்று ஈரோட்டு நண்பர் நேற்றுக் கேட்டிருந்தார். கோப்பு (ஃபைல்), கோப்புறை (ஃபோல்டர்), அடைவு (டைரக்டரி) மூன்றையும் நானும் தொட மாட்டேன். என் கடைக்கு வருகிறவர்கள் அவற்றைத் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். குறுக்குவழி அப்படியல்ல. அது பொய்யான நம்பிக்கை தருகிறது. அதை நேரில் பார்த்த பிறகுதான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

மதுரை தல்லாகுளத்தில் தட்டச்சும் அச்சும் செய்துதரும் கடை நடத்துகிறேன். சென்ற மாசியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். தம் ஊர்ப் பெண்கள் பாடும் ஒப்பாரிகளை 9 ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு எழுதி, தாமே தட்டச்சும் செய்து வைத்திருந்தார். புத்தகமாக்க வேண்டும் என்று பென்டிரைவை நீட்டினார். திறந்தேன். 14 பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் படவுருவிலும் (ஐகான்) இடது கீழ்மூலையில் வளைந்த சின்ன அம்புக்குறி. அளவைப் பார்த்தேன்: எல்லாமே 2 கேபி.

முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிகளை நகலெடுத்து வந்திருக்கிறார். கோப்புகள் வீட்டுக் கணினியில் இருக்கும், எடுத்து வாருங்கள் ஐயா என்றேன். “எல்லாம் இதில் வந்துவிட்டதே என்று அதைத் துடைத்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன் அம்மா” என்றார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: “குறுக்குவழி என்று தமிழில்தான் போட்டிருந்தது. குறுக்கே போனாலும் ஊர் வந்து சேரத்தானே செய்யும்?”

அவர் கேட்டதில் தவறே இல்லை. வரப்பில் இறங்கி நடந்தாலும் கண்மாய்க் கரையில் ஏறி நடந்தாலும் ஊர் வரும், நேரம்தான் மிச்சம். குறுக்குவழி என்ற சொல்லுக்குத் தமிழில் அதுதான் பொருள். கணினியில் நாம் அந்தப் பெயர் சூட்டியிருக்கும் பொருளோ வழியே அல்ல. ஒரு துண்டுச் சீட்டு. ‘இந்தக் கோப்பு இன்ன இயக்கியில் (டிரைவ்), இன்ன கோப்புறைக்குள் இருக்கிறது’ என்ற முகவரிதான் அதற்குள் இருக்கிறது. 1995இல் விண்டோஸ் 95 இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் உலகில் 1983இல் வெளியான பி.எஸ்.டி. 4.2 பதிப்பிலேயே இதன் மூத்த உறவான ‘சிம்பாலிக் லிங்க்’ வந்துவிட்டது. யூனிக்ஸைப் போன்ற லினக்ஸில், கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் அடைவை விரிவாகப் பட்டியலிட்டுப் பாருங்கள்: பெயரை அடுத்து ஓர் அம்பு, அம்புக்கு அப்பால் உண்மையான இடம். விண்டோஸ் படவுருவிலும் அம்பு, இங்கேயும் அம்பு. இரண்டும் விரல் நீட்டிக் காட்டுகின்றன. நாம்தான் அதை வழி என்று எழுதி வைத்திருக்கிறோம்.

அதனால் என் பரிந்துரை: கைகாட்டி.

மாட்டுத்தாவணியைத் தாண்டினால் மேலூர் என்று பலகை நிற்கிறது. அந்தப் பலகையைப் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனால் மேலூர் கூடவே வந்துவிடுமா? பலகையை உடைத்துப் போட்டால் மேலூர் அழிந்துவிடுமா? இந்த இரண்டு கேள்விக்கும் எந்தக் கிராமத்துப் பெரியவரும் படிப்பில்லாமலே பதில் சொல்வார். குறுக்குவழியை நீக்கினால் கோப்பும் போய்விடுமோ என்று பயந்து திரை முழுக்க அம்புக்குறிகளாகச் சேர்த்து வைத்திருப்பவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்கள் பயமும் இந்தச் சொல்லிலேயே தீரும். வினையும் தானாக அமைகிறது: கைகாட்டி நடு, கைகாட்டியைப் பிடுங்கு. ‘உருவாக்கு’, ‘அகற்று’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே வினையை ஒட்டவைக்க வேண்டியதில்லை.

முன்பு வந்த பரிந்துரைகளையும் பார்த்தேன். ‘இணைப்பு’ ஏற்கெனவே மின்னஞ்சலோடு போகும் கோப்புக்கும் இணையத் தொடர்புக்கும் சேர்த்து உழைக்கிறது. இதையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது. ‘தொடுப்பு’ எங்கள் பக்கத்தில் பெண்கள் வாயில் எடுக்கத் தயங்கும் சொல். சுட்டி எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் பாதிப் பேருக்கு அது கையிலிருக்கும் எலி. மீதிப் பேருக்கு வலைப்பக்க முகவரி.

கைகாட்டி என்றால் ரயில் நிலையத்துக் கைகாட்டி மரம் அல்லவா என்று கோவை அம்மா கேட்டிருந்தார். ஆம், அதற்கும் இதே பெயர்தான். சாலைப் பலகைக்கும் இதே பெயர்தான். கைகாட்டி என்றே அழைக்கப்படும் பஸ் நிறுத்தங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு ரயிலை நினைத்து யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நம்புகிறேன். நீளம் பற்றிய கவலையும் வேண்டாம்: குறுக்குவழிக்கு 6 எழுத்து, கைகாட்டிக்கு 4. விசைப்பலகையில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திச் சட்டென்று வேலை முடிக்கிறோமே, குறுக்குவழி என்ற பெயர் அதற்கு உண்மையிலேயே பொருந்தும். அங்கே அது இருக்கட்டும்.

இனி யூனிக்ஸ்காரர்கள் விடாமல் கேட்கும் இன்னொன்று. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். இரண்டும் சம உரிமை உள்ளவை. மதுரை என்றாலும் கூடல் என்றாலும் ஆலவாய் என்றாலும் ஊர் ஒன்றுதான், எது மூலப்பெயர் என்று ஊருக்குத் தெரியாது. உள்ளே கோப்பை அடையாளம் காட்டுவது ஓர் எண். பெயர்கள் அந்த எண்ணில் போய் நிற்கின்றன. ஒரு பெயரை அழித்தால் கோப்பு போகாது. பெயர்களின் எண்ணிக்கை பூஜ்யமானால்தான், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலும் மூடிய பிறகு, இடம் விடுவிக்கப்படும். ‘ஹார்ட் லிங்க்’ எனப்படும் இதை ‘வன்தொடுப்பு’ என்று மொழிபெயர்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. மறுபெயர் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பெயரை மாற்றுவதற்கு ‘மறுபெயரிடு’ என்பது பட்டிகளில் (மெனு) நிலைத்துவிட்டது. ஆகவே ‘இணைபெயர்’ என்கிறேன். கைகாட்டி, இணைபெயர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு தெரிகிறது: ஒன்று இடத்தைக் காட்டுகிறது, மற்றொன்று அந்தப் பொருளின் பெயராகவே இருக்கிறது.

காட்டும் இடத்தில் கோப்பு இல்லாமல் போன கைகாட்டிக்கும் சொல் வேண்டும். 1959இல் திறந்த வைகை அணையின் நீருக்குள் போன ஊருக்குக் கரையில் ஒரு பலகை இன்னும் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். அதற்கு ‘வெறுங்கைகாட்டி’ என்று வைத்திருக்கிறேன். பிரித்தால் வெறும் கைகாட்டி, சேர்த்துக் கேட்டால் வெறுங்கை காட்டி. இரண்டு பொருளும் சரியாகவே விழுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் பென்டிரைவில் இருந்தவை 14 வெறுங்கைகாட்டிகள்.

ஆசிரியர் இப்போது பழைய நோட்டுகளை வைத்து மறுபடி தட்டச்சு செய்கிறார். நோட்டில் ஏறாத பாட்டுகளுக்காகத் திரும்ப ஊர் ஊராகப் போகிறார். பாடியவர்களில் மூன்று பாட்டிமார் இன்று இல்லை.

கடையில் உள்ள லினக்ஸ் கணினியில் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திருத்தி, பட்டியில் ‘கைகாட்டி நடு’ என்று வரும்படி செய்திருக்கிறேன். பங்குனி முடியும்வரை வருகிறவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று குறித்து அனுப்புகிறேன். அதற்குள், கோப்பை அடையாளம் காட்டும் அந்த உள் எண்ணுக்கு ஒரு சொல் தாருங்கள். நிலத்துக்குப் ‘புல எண்’ இருப்பதுபோல் ஏதாவது அமையுமா என்று பார்க்கிறேன். ‘புலம்’ தரவுத்தளத்தில் வேறு பொருளில் (ஃபீல்டு) இருப்பதால் தயங்குகிறேன்.