பழைய அம்பாசிடர்: பெட்ரோல் முள் எழும்பவில்லை

கேள்வி (கும்பகோணம்): டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் காலியிலேயே நிற்கிறது. மீட்டரை மாற்றவா, டேங்க் உள்ளே இருக்கும் மிதவையை மாற்றவா?

பதில் (நாகப்பட்டினம்): எதையும் வாங்கிடாதீங்க சார். மீட்டர் பின்னாடி டேங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றிட்டு, சாவி போட்டு, மீட்டரில் அந்த வயர் இருந்த முனையை வேறொரு வயரால் பாடியில் ஒரு நொடி தொடுங்க. கழற்றினால் ஒரு ஓரம், தொட்டால் மறு ஓரம் நோக்கி முள் நகர்ந்தா மீட்டர் நல்லாருக்கு. டேங்க் பக்கம் இதைச் செய்யாதீங்க, பொறி பறக்கும். உப்புக்காத்துல மிதவையோட எர்த் (பாடிக்குப் போகும் இணைப்பு) துருப்பிடிக்கிறதுதான் நம்ம ஊர்ல முதல் சந்தேகம். அந்த எர்த் போல்ட் அடியைச் சுரண்டி, தனி எர்த் வயர் போடுங்க.

பதில் (திருவாரூர்): அதுக்கும் சரியாகலைன்னா பேட்டரியைக் கழற்றி, பெட்ரோலை வடிச்சு மிதவையை எடுங்க. மிதவையோட கம்பிக் கையைத் தூக்கத் தூக்க மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) சீரா மாறணும். குதிச்சா உள்ளே கம்பிச்சுருள் தேஞ்சிருக்கு. பித்தளை மிதவையைக் குலுக்கினா சத்தம் வந்தா ஓட்டை. ஓட்டையை ஈயம் வச்சுப் பற்ற வைக்காதீங்க, உள்ளே பெட்ரோல் ஆவி வெடிக்கும், புதுசு போடுங்க. கேஸ்கட்டும் (கசிவைத் தடுக்கும் வளையம்) புதுசு போடுங்க. அதுக்குப் பதிலா சாதா சிலிகான் பசை போட்டா பெட்ரோலில் ஊறிப்போகும்.