'கல்லிடைக்' என்று நின்றுபோன பேக்கப்

பங்குனி மாதம், பிசான நெல் வந்து குவிகிற நேரம். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே சர்வர், அதில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (விஎம், கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர்), அதற்குள் கணக்கெல்லாம் இருக்கிற மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ். வியாழக்கிழமை சாயங்காலம் இடி மழையில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்பக் கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது, விஎம் எழவில்லை. வேகம் வேண்டுமென்று டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' என்று, அதாவது டிஸ்க்கில் உடனே எழுதாமல் மெமரியிலேயே தேக்கிவைக்கும்படி, வைத்திருந்த புண்ணியவான் நானே. அன்று யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

"பேக்கப் இருக்குல்லா தம்பி?" என்றார் ஆலைக்கார அண்ணாச்சி.

"இருக்கு அண்ணாச்சி."

தினமும் இரவு 2 மணிக்கு டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே கோப்பாக எழுதிய நகல்) எடுத்து யுஎஸ்பி டிஸ்க்கில் போடும்படி கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் நிரல்) வைத்திருந்தேன். உருப்படியாகச் செய்த ஒரு காரியம், விஎம்மின் டிஸ்க் இமேஜை, அதாவது அதன் டிஸ்க் முழுதும் அடங்கிய கோப்பை, முதலில் முழுதாக நகலெடுத்தது. அப்புறம் லேப்டாப்பில் புது விஎம் போட்டு, புதன் இரவு டம்ப்பை ஏற்றினேன். பாதியில் எரர். கோப்பின் கடைசியைத் திறந்து பார்த்தேன். முழு டம்ப் என்றால் 'டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்' என்று தேதியோடு முடிய வேண்டும். இதில் ஒரு விவசாயியின் ஊர்ப் பெயர் 'கல்லிடைக்' என்று நின்றுவிட்டது. குறிச்சி எழுத இடமில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது! செவ்வாய், திங்கள் டம்ப்புகளும் அப்படியே. கிரான் என்னவோ ஒழுங்காக மெயில் அனுப்பியிருக்கிறது, சர்வருக்குள்ளேயே இருக்கிற ரூட் என்கிற நிர்வாகியின் மெயில் பெட்டிக்கு. அதை யார் திறக்கிறார்கள்?

ஞாயிறு இரவு டம்ப் மட்டும் முழுசு. மிச்சம் நாலு நாள் நெல் வரவு.

கணக்கப்பிள்ளையிடம் இப்படித்தான் சொன்னேன்: "பேரேடு ஞாயிற்றுக்கிழமையோட நிக்கி. ஆனா நாள்வழி தனியா இருக்கு." நாள்வழி என்றது பின்லாக்கை, டேட்டாபேஸில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கிற கோப்புகளை. மைஎஸ்க்யூஎல் 8-இல் அது தானாகவே எழுதப்படும், சும்மா விட்டால் 30 நாள் இருக்கும். நகலில் மட்டும், டிஸ்க் கோளாறைச் சரிசெய்கிற எஃப்எஸ்சிகே ஓட்டி, ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்தேன். டேபிள் கோப்புகள் சில நாசம். பின்லாக் கோப்புகள் பிழைத்திருந்தன. ஞாயிறு டம்ப்பின் தலைப்பில் அது எடுத்தபோது எந்தப் பின்லாக்கில் எந்தப் பொசிஷன் (இடத்தின் எண்) வரை எழுதியிருந்தது என்ற வரி இருந்தது. அந்த வரி இல்லாமல் நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாக ஏற்றியிருந்தால் சில பில்கள் இரண்டு தடவை விழுந்திருக்கும், அல்லது விட்டுப் போயிருக்கும். அந்த எண்ணிலிருந்து மைஎஸ்க்யூஎல்பின்லாக் என்ற கருவி மூலம் வரிசையாக ஏற்றினேன்.

விடியும்போது கணக்கப்பிள்ளை எடைமேடைச் சீட்டுக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்ததில் வியாழன் கடைசி இரண்டு சீட்டு மட்டும் இல்லை. அதைக் கையால் ஏற்றினோம்.

இப்போது ஸ்கிரிப்ட் டம்ப்பின் கடைசி வரியைத் தேடிப் பார்த்துவிட்டு இரண்டு பேர் போனுக்கும் மெசேஜ் அனுப்புகிறது. அது தாமதமானால் கணக்கப்பிள்ளையே கூப்பிட்டுவிடுகிறார்: "தம்பி, கடைசி வரி வந்துட்டா?"