மைலுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்: ஒன்ராறியோவில் ட்ரக் ஓடப் போகிறவர்களுக்கு

ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம் ஆன தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணா, ட்ரக் ஓடினால் மாதம் 8,000 டொலர் எடுக்கலாம் என்கிறார்கள், உண்மையா?" எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கையில் இருந்து எவ்வளவு போகும், வந்ததில் எவ்வளவு மிஞ்சும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் லைசன்ஸ். ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குக்கான ஏ-ஸெட் லைசன்ஸ் எடுக்க முழு ஜீ (சாதாரணக் கார்) லைசன்ஸ் வேண்டும், அதற்கு முந்திய படியான ஜீ2 போதாது. இலங்கை லைசன்ஸை இங்கே நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய அனுபவத்துக்கு முறையான உறுதிக் கடிதம் இருந்தால், எழுத்துப் பரீட்சை முடிந்ததும் நேரே ஜீ ரோட் டெஸ்டுக்குப் போகலாம். இன்னும் ஊரில் இருப்பவர்கள் அந்தக் கடிதத்துக்கு இப்போதே அலையுங்கள்.

அப்புறம் மெல்ட் (MELT) பயிற்சி, அதாவது ஏ-ஸெட் ரோட் டெஸ்டுக்கு முன் முடிக்க வேண்டிய ஆரம்பப் பயிற்சி. 2017 ஜூலையில் இருந்து இது கட்டாயம், குறைந்தது 103.5 மணித்தியாலம். எனக்கு 7,000 டொலருக்கு மேல் முடிந்தது. மருத்துவப் பரிசோதனை, பரீட்சைக் கட்டணங்கள், குளிர்ச் சப்பாத்து, தடித்த ஜக்கெட், படுக்கை, 12 வோல்ட்டில் சாப்பாடு சூடாக்கும் பெட்டி எல்லாம் அதற்கு மேல். வேலையை இழந்தவர் என்றால் 'பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ' திட்டத்தில் படிப்புச் செலவுக்கு உதவி கிடைக்குமா என்று கட்டாயம் விசாரியுங்கள். பாதிக் காசுக்கு முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். ஜனவரிப் பனியில், வட ஒன்ராறியோவின் வாவா பக்கம், ஒற்றை லேன் 17ஆம் நெடுஞ்சாலையில் எதிரே இன்னொரு ட்ரக் வரும்போது அந்தப் பயிற்சிதான் உங்களைக் காப்பாற்றும்.

சரி, சம்பளம். புதியவருக்கு மைலுக்கு 60 சதம் என்று வைப்போம். கிழமைக்கு 2,500 மைல் ஓடினால் 1,500 டொலர், அதுவும் வரி கழிக்க முன்னால். மாதம் 8,000 வர வேண்டுமென்றால் ஒரு கிழமையும் விடாமல் 3,000 மைலுக்கு மேல் ஓட வேண்டும். சட்டப்படி கனடாவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்தான் ஓட்டலாம். வழக்கமான கணக்கில் ஏழு நாளில் மொத்த வேலை 70 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ட்ரக்கில் இருக்கும் கருவி அதை நிமிடக் கணக்கில் பதிகிறது. கிடங்கு வாசலில் ஐந்து மணித்தியாலம் காத்து நின்றால் அந்த நாளின் மைல் போய்விடும். அதனால் சேரும்போது கேட்க வேண்டியவை: காத்திருப்புக்கு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு காசு, வெறும் ட்ரெய்லரோடு ஓடும் மைலுக்கும் உண்டா, மைலை எப்படி அளக்கிறார்கள், கூட ஓடிப் பழகும் கிழமைகளுக்கு என்ன சம்பளம். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நான் சேர்ந்த முதல் இடத்தில், "உன் பெயரில் ஒரு கொம்பனி பதிந்து வா, பிடித்தம் இல்லாமல் முழுக் காசும் தருகிறோம்" என்றார்கள். காசோலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, ஓடும் நேரமும் அவர்கள் சொன்னதுதான். பேருக்கு மட்டும் நான் முதலாளி. இதைத்தான் இங்கே 'ட்ரைவர் இன்க்' என்பார்கள். ஊழியரை இப்படி ஊழியர் இல்லை என்று காட்டுவதைக் கனடாத் தொழிற் சட்டம் 2021இல் இருந்து தடை செய்திருக்கிறது. அப்படிப் பதிந்த கொம்பனிக்குச் சிறு தொழில் வரிச்சலுகை இல்லை, ஒன்ராறியோவில் 44.5 சதவீதம் வரி வரலாம். முதுகு பிடித்து நான் வீட்டில் கிடந்த கிழமைகளில் வேலையிழப்புக் காப்புறுதியும் இல்லை, ஒரு சதமும் வரவில்லை. டீ4 (ஊழியருக்கு முதலாளி தரும் வருடச் சம்பளப் பத்திரம்) தரும் இடத்தில், மாகாணம் தாண்டி ஓடுபவருக்கு, வருடத்துக்கு 10 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு சேரும். மைலுக்கு ஐந்து சதம் குறைந்தாலும் டீ4 உள்ள இடத்துக்கே போங்கள்.

அமெரிக்கப் பக்கம் ஓட இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், நிரந்தர வதிவிடம் மட்டும் போதாது. கஞ்சா இங்கே சட்டப்படி சரியானாலும் அமெரிக்க ஓட்டத்துக்கான போதைப்பொருள் பரிசோதனையில் அகப்பட்டால் வேலை போகும்.

சொந்த ட்ரக் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் இரண்டு வருடம் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அனுபவம் இல்லாதவரின் காப்புறுதித் தொகையும் ஒரு எஞ்சின் பழுதும் சேர்ந்தாலே சேமிப்பு முழுக்கக் கரைந்துவிடும்.

அந்தத் தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பள்ளிக்குக் கட்டும் காசு தவிர மூன்று மாத வாடகையைத் தனியாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். சாப்பாட்டுச் செலவுக்கு வரியில் கழிவு உண்டு. நெடுந்தூர ஓட்டத்துக்குச் சாப்பாடு ஒன்றுக்கு 23 டொலர், நாளுக்கு மூன்று சாப்பாடு என்று எடுத்து அதில் 80 சதவீதத்தைக் கழிக்கலாம். பயணக் குறிப்பை முதல் நாளே எழுதத் தொடங்குங்கள். இந்தக் கழிவைக் கேட்கும் டீஎல்2 படிவத்தில் முதலாளியின் கையெழுத்தும் வேண்டும், வேலையை விட்ட பிறகு அதற்கு அலைவது பெரும் பாடு.